டிட் ஏன் பிந்திக் கேட்கிறது? – ஹாம் ரேடியோ கேள்வி பதில்

கேள்வி (சேலம் வாசகர்): எஸ்.டி.ஆர். டிரான்ஸ்சீவர் ஒன்று (சிக்னலை மென்பொருளால் கையாண்டு, அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ) வாங்கி லேப்டாப்பில் இணைத்திருக்கிறேன். குரலில் பேசும்போது ஒரு குறையும் இல்லை. மோர்ஸில் மட்டும், பேடிலை (மோர்ஸ் அடிக்கும் விரல் தகடு) தொட்டுச் சற்றுப் பிந்தித்தான் ஹெட்போனில் டிட் (மோர்ஸின் குட்டை ஒலி) கேட்கிறது. வேகம் நிமிடத்துக்கு 20 வார்த்தையைத் தாண்டினால் விரல் தடுமாறுகிறது. லேப்டாப் ஐ5, 8 ஜிபி ரேம். டாஸ்க் மேனேஜரில் சிபியு 15 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. ஐ7 வாங்க வேண்டியதுதானா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தை ஆன்டெனாவில் போடுங்கள். 15 சதவீதம் என்றால் உங்கள் கணினிக்குத் தெம்பு நிறையவே மிச்சம் இருக்கிறது. வேகமாக வேலை செய்வது வேறு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது வேறு. மோர்ஸுக்கு வேண்டியது இரண்டாவது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 60 மில்லி விநாடி. 30 வேகத்தில் 40தான். உங்கள் மென்பொருளில் ஒலி பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் இடம்) 2048 சாம்பிள் (ஒலித் துணுக்கு), ஒலி விகிதம் 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பஃபர் நிரம்பவே 43 மில்லி விநாடி ஆகிவிடும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு இருந்தால் 85. அதாவது முதல் டிட்டின் நேரம் விரலில் முடிந்த பிறகுதான் அது உங்கள் காதில் தொடங்கும். ஸ்பீக்கரை ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே கீ அடிப்பது மாதிரி இது. மோர்ஸில் கையை நடத்துவது காதுதான். காதுக்குச் சத்தம் பிந்தி வந்தால் எவ்வளவு பழகிய கையும் தடுமாறும். குரலில் இது தெரியாததற்குக் காரணம், உங்கள் குரலை நீங்கள் ஹெட்போன் வழியாகக் கேட்டுப் பேசுவதில்லை.

தீர்வு, சைட்டோன் (நீங்கள் அடிப்பதை உங்களுக்கே கேட்கவைக்கும் ஒலி) வேலையைக் கணினியிடமிருந்து பிடுங்கிவிடுவது. முதலில் ரிக்கின் (டிரான்ஸ்சீவரின்) பின்பக்கம் பாருங்கள். கீ ஜாக்கும் ஹெட்போன் ஜாக்கும் அங்கேயே இருந்தால், பெரும்பாலும் கீயரும் (பேடில் தொடுகையை மோர்ஸ் ஒலியாக அளந்து போடும் பகுதி) சைட்டோனும் ரிக்குக்குள்ளேயே இருக்கின்றன. ஹெட்போனை லேப்டாப்பிலிருந்து கழற்றி அங்கே மாட்டினாலே பாதித் தொல்லை போய்விடும். 2003 வாக்கில் வந்த ஃப்ளெக்ஸ் ரேடியோ எஸ்.டி.ஆர்-1000 தன் சிக்னல் வேலை முழுவதையும் கணினியின் சவுண்ட் கார்டை நம்பித்தான் செய்தது. அதே நிறுவனத்தின் 6000 வரிசையில் அந்த வேலை ரேடியோவுக்குள்ளேயே போய்விட்டது. ஐகாம் 7300 போன்றவற்றுக்குக் கணினியே தேவையில்லை.

உங்கள் ரிக்கில் அந்த வசதி இல்லையென்றால் வின்கீயர் மாதிரி தனிக் கீயர் ஒன்று வாங்குங்கள். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டில் நீங்களே செய்துகொள்ளவும் முடியும். பேடில் நேராகக் கீயரில் போகும், டிட்டையும் டாவையும் (நீள ஒலி) அதிலுள்ள சிப்பே அளந்து போடும், சைட்டோனும் அதிலிருந்தே வரும். மென்பொருளில் இருக்கும் சைட்டோனை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து எதிரொலி மாதிரிக் கேட்கும். இன்னொன்று: புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அது தன் பங்குக்கு 100, 200 மில்லி விநாடி சேர்க்கும்.

எவ்வளவு தாமதம் என்று நீங்களே அளக்கலாம். செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு, பேடிலுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வையுங்கள். பேடிலைக் கொஞ்சம் அழுத்தமாகத் தட்டுங்கள். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால், காண்டாக்ட் தட்டும் ‘டக்’ ஒரு சின்ன முள்ளாகவும், அதன் பிறகு சைட்டோன் அலையாகவும் தெரியும். நடுவில் உள்ள இடைவெளிதான் நீங்கள் தேடுவது. இரண்டு சத்தமும் ஒரே மைக்கில் பதிவாவதால் செல்போனின் தாமதம் கணக்கைக் கெடுக்காது. என் அனுபவத்தில் 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் கை கண்டுகொள்வதே இல்லை. 30ஐத் தாண்டினால் எரிச்சல் தொடங்கிவிடும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பஃபரை 256 ஆகக் குறைத்தேன். தாமதம் போனது. ஆனால் கேட்கும்போது சில விநாடிக்கு ஒருமுறை ‘படக்’கென்று சத்தம் வெட்டுகிறது. ஏன்?

பதில்: 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த பஃபர் தயாராகியே ஆக வேண்டும். வைஃபை டிரைவரோ பேட்டரியைக் கவனிக்கும் டிரைவரோ 6 மில்லி விநாடி வழிமறித்தால் ஒரு வெட்டு விழுகிறது. டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி என்பதால் இந்தச் சின்ன முட்டுக்கட்டை அதில் தெரியாது. லேட்டன்சிமான் என்ற மென்பொருளைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள், எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்லிவிடும். அடிக்கடி மாட்டுவது வைஃபைதான். அதை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு லேன் கேபிள் போடுங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, சார்ஜரை மாட்டிக்கொண்டே இயக்குங்கள். யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து ரிக்கை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். அலைக்கற்றைக் காட்சிக்கு (திரையில் சிக்னல்களைக் காட்டும் பகுதி) 384 கிலோஹெர்ட்ஸ் அகலம் எதற்கு? 40 மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ் நடமாட்டம் 7.000லிருந்து 7.030 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் அதிகம், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். அப்படியும் வெட்டினால் பஃபரை 512க்கு ஏற்றிவிடுங்கள். சைட்டோன் ரிக்கிலிருந்தோ தனிக் கீயரிலிருந்தோ வரும்போது, கேட்கும் பக்கத்தில் இருக்கும் கொஞ்சத் தாமதம் யாரையும் தொந்தரவு செய்யாது.

கேள்வி (திருச்சி வாசகர்): ஃபில்டரை (பக்கத்துச் சிக்னல்களை வடிகட்டுவது) 50 ஹெர்ட்ஸுக்குச் சுருக்கினால் எழுத்துகள் குழைந்து மணி அடிப்பதுபோல் கேட்கின்றன. சக்தி வாய்ந்த கணினியில் இது சரியாகுமா?

பதில்: ஆகாது. ஃபில்டர் எவ்வளவு குறுகலோ, அது எழும்பி அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். 500 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 2 மில்லி விநாடி, 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 20. 25 வேகத்தில் டிட்டே 48தான், அதில் 20 கரைந்தால் குழையாமல் என்ன செய்யும்? எந்த பிராசஸராலும் இதை மாற்ற முடியாது. 200 அல்லது 250 ஹெர்ட்ஸில் வைத்து, மீதியைக் காதுக்கு விட்டுவிடுங்கள். தீடிஸ் என்ற எஸ்.டி.ஆர். மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃபில்டர் வகையை ‘லீனியர் ஃபேஸ்’ என்பதிலிருந்து ‘லோ லேட்டன்சி’க்கு மாற்றிப் பார்க்கலாம். குழைவு போகாது, தாமதம் குறையும்.

கேள்வி (மதுரை வாசகர்): மோர்ஸைக் கணினியே படித்துத் தருகிறதே, காதால் பழகத்தான் வேண்டுமா?

பதில்: பழகுங்கள். சிக்னல் மங்கி மங்கி வரும்போதும், எதிர்முனையில் ஒருவர் சாதாரணக் கீயில் தன் பாணியில் அடிக்கும்போதும் மென்பொருள் உளறும். பழகிய காது பிடித்துவிடும். மென்பொருளுக்கு வேறு நல்ல உபயோகம் உண்டு. ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் உலகெங்கும் உள்ள ரிசீவர்கள் மோர்ஸ் அழைப்புகளைத் தானே படித்து, எங்கே கேட்டது, எத்தனை டெசிபல், என்ன வேகம் என்று இணையத்தில் போடுகின்றன. புதிய ஆன்டெனா ஏற்றிய அன்று நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சிக்யூவும் (எல்லோருக்குமான பொது அழைப்பு) உங்கள் அழைப்புக்குறியும் தெளிவாக, இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை போனால்தான் அது பதிவு செய்யும்.