பாகவதர் படத்தை இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க முடியுமா?

1930, 40களில் வந்த தமிழ்ப் பாட்டுப் படங்களைப் பற்றி நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

பாம்பன்: அண்ணே, அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு ஐம்பது பாட்டு என்கிறார்களே, கதை எப்போது நகரும்?

நகராது தம்பி. 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறக்குறைய ஐம்பது பாட்டு. பாடி நடித்த தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். கதை என்னவோ ஜனங்களுக்கு மனப்பாடம். நாடகமாக விடிய விடியப் பார்த்தவர்கள். இந்த இடத்தில் இவர் எப்படிப் பாடப் போகிறார் என்று கேட்கத்தான் கொட்டகைக்குப் போனார்கள். நம் பக்கம் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' போட்டால் முடிவு தெரியாமலா உட்கார்ந்திருக்கிறோம்? அதே காதோடு உட்காருங்கள், பொறுமை தானாக வரும். அது ஒத்துவராது என்றால் 1943-க்குப் பிந்தைய படங்களுக்குப் போங்கள். யுத்தத்தால் பிலிம் தட்டுப்பாடு வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் வரம்பு வைத்தது. சுமார் இரண்டு மணி நேரம். பாட்டும் குறைந்தது, கதையும் இறுகியது.

கீழக்கரை: எல்லாரும் ஏன் இப்படி உச்சத்தில் பாடுகிறார்கள்? என் மகன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி ஆள் வரை கேட்கப் பாடிப் பழகிய தொண்டைகள் அவை. சினிமாவுக்கு வந்த பிறகும் அந்தச் சுருதியை விடவில்லை. ஆரம்ப வருஷங்களில் பின்னணிப் பாட்டும் கிடையாது. காமிரா ஓட ஓட நடிகரே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் மரத்துக்கோ தட்டிக்கோ பின்னால் ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். கண்ணுக்குப் படாமல் வைத்த மைக்கை விட்டு விலகினால் குரல் போய்விடும் என்பதால்தான் பாடுகிறவர் நட்டுவைத்த மாதிரி நிற்கிறார். அந்த நேரத்தில் கழுத்தைப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறார், பிருகா, அதாவது வேகமான சுரக் கோவை, உருளும்போது நரம்பு எப்படிப் புடைக்கிறது என்பது தெரியும். வாயசைப்புப் பாட்டில் அது கிடைக்கவே கிடைக்காது. அப்புறம், மகனுக்குச் செல்போன் ஸ்பீக்கரில் காட்டாதீர்கள். தேய்ந்துபோன ஒலி அதில் இன்னும் கீச்சிடும். டிவியில் போட்டு ட்ரெபிளைக் குறைத்து வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம்: முதல் பேசும் படம் 'காளிதாஸ்' எங்கே கிடைக்கும்?

எங்கும் இல்லை அக்கா. 1931 அக்டோபர் 31-இல் வெளியான அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே இயக்கினார், அதுவும் போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அன்றைய நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். வெக்கையும் ஈரமும் பட்டால் பிசுபிசுத்துக் கடைசியில் பொடியாகிவிடும். பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காக அழிக்கப்பட்ட பிரதிகளும் உண்டு. யார் வீட்டுப் பரணிலாவது பழைய ரீல் டப்பா கிடந்தால் அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: 'ஹரிதாஸ்' பார்த்தேன். பெண்களைக் காட்டும் விதம் எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் எரிச்சல் நியாயமானது. தாசி என்றால் குடிகெடுப்பவள், மனைவி என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்பவள் என்று 1944-இல் எழுதிய கதை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 'மன்மத லீலையை' பாட்டை இன்னொரு தடவை பாருங்கள். பாடுவது பாகவதர், காட்சியை ஆள்வது டி.ஆர். ராஜகுமாரி. அவர் கண்ணும், பறக்கவிடும் அந்த முத்தமும் இன்றைய நடிகையிடமிருந்து வந்தது போலவே இருக்கும். மனைவியாக வரும் என்.சி. வசந்தகோகிலம் பெரிய கர்நாடக சங்கீதப் பாடகி. 1951-இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் பாடும் முகத்தைப் பார்க்க நமக்கு இப்படி ஒரு படம் இருக்கிறதே என்று நான் சந்தோஷப்படுகிறேன்.

மண்டபம்: நம் சீமைக்கும் இந்தப் படங்களுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. காரைக்குடி அப்போது நம் ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஊர்க்காரரான படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க இன்னொருவரைப் பாட வைத்தார். 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் ருக்மிணி நடித்த வள்ளிக்குப் பி.ஏ. பெரியநாயகியின் பாட்டை ஏற்றினார். 1947-இன் 'நாம் இருவர்' காரைக்குடி ஸ்டூடியோவிலேயே எடுத்தது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்ற வழக்கம் நிலைத்த பிறகுதான் பாடத் தெரியாத நல்ல நடிகர்களுக்குக் கதவு திறந்தது. பாடி நடித்தவர்களின் காலம் மெல்ல முடிந்ததும் அதனால்தான்.

ராமேஸ்வரம்: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'ஹரிதாஸ்'. பிடித்திருந்தால் 1937-இன் 'அம்பிகாபதி'. இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர், வசனம் இளங்கோவன். காதல் காட்சிகளில் ஒளியும் நிழலும் இன்றைக்கும் அழகு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலுக்காக 'மீரா' பார்க்கலாம், ஆனால் நாடகமாக அது எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது. 'பவளக்கொடி' காலத்துப் படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.