ஒரு வாசனை பட்டதும் பழைய நாள் ஏன் அப்படியே நினைவுக்கு வருகிறது?

நடந்த ஒன்றை மனம் திரும்ப எடுத்துவர உதவும் சின்னப் பிடிதான் நினைவுத் தூண்டல். அது ஒரு மணமாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம்.

ஒரு நிகழ்வு மூளையில் ஒரே இடத்தில் பதிவதில்லை. பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் தனித்தனிப் பகுதிகளில் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டுவது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. மும்பை மாட்டுங்காவில் விற்கும் மல்லிகைச் சரம் மாதிரிதான்: ஒரு பூவைப் பிடித்துத் தூக்கினால் மற்றவையும் கூடவே வரும். அங்கே காபிக்கொட்டை வறுபடும் வாசனை பட்டதும், தாராவியில் வளர்ந்த ஒருவருக்குப் பாட்டி வீட்டுப் பித்தளை ஃபில்டரின் சூடுகூட விரலில் தெரியலாம். மணத்துக்கு ஏன் இவ்வளவு வலு? மூக்கிலிருந்து வரும் செய்தி, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியைக் குறுக்கு வழியில் எட்டிவிடுகிறது.

இடமும் உதவும். 1975இல் காடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் இதை நீர்மூழ்குவோரிடம் சோதித்தார்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியில்தான் அதிகம் நினைவுக்கு வந்தன. எதற்கோ எழுந்து வந்து, எதற்கென்று மறந்துவிட்டால், கிளம்பிய அறைக்கே ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள்.

அப்புறம், தெளிவாக நினைவிருப்பதெல்லாம் அப்படியே நடந்தது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது, நடுவில் நடக்காததும் சேர்ந்துவிடும்.