கோழியும் மலையும் – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,
மார்ச் கடைசில ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர் தேனி பக்கம் ஒரு நாள் ட்ரெக்கிங் போறோம். ஹெர்ப்ஸ் போட்டு முழுக்கோழி ரோஸ்ட் பண்ணி எடுத்துட்டு போகலாம்னு ஆசை. ரோஸ்மேரி நல்லாருக்குமா, தைம் நல்லாருக்குமா? மேல போய் சின்னதா தீ மூட்டி சூடு பண்ணிக்கலாம்னு இருக்கோம். எத்தனை மணிக்கு கிளம்பணும்?
– ஒரு வாசகர், ஈரோடு

தம்பி,

கோழிய முதல்ல முடிச்சுடறேன். கடைல தோல உரிச்சுதான் குடுப்பாங்க, உரிக்காம கேட்டு வாங்குங்க, தோல் இல்லன்னா ஓவன்ல கறி வறண்டு போயிடும். பிராய்லரே போதும். கிலோவுக்கு 10 கிராம் உப்பு தடவி மூடாம ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. தைம், பூண்டு, வெண்ணெய் மூணையும் நசுக்கி தோலுக்கு அடியில விரல விட்டுத் தள்ளணும், மேல தூவுனா கருகிடும். 200 டிகிரில ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், தொடைக்குள்ள 74 டிகிரி வந்தா வெந்துடுச்சு. ரோஸ்மேரியும் போடலாம், கொஞ்சமா போடுங்க.

இப்ப அந்த "சின்னதா தீ" விஷயத்துக்கு வரேன். அந்த வரிய படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, கோபமும் வந்துச்சு. தேனி மலைல, மார்ச் மாசத்துல, தீ மூட்டறதா? 2018 மார்ச் 11 ஞாயித்துக்கிழமை குரங்கணில என்ன நடந்துச்சுன்னு தெரியாதா? சென்னைல இருந்தும் உங்க ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த பிள்ளைங்க, கொழுக்குமலைல இருந்து இறங்கி வரும்போது காட்டுத்தீல மாட்டி இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்களே. பாதிக்கு மேல பொண்ணுங்க.

எங்க பெரியப்பா போடில ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. பீடி இல்லாம அவரால பத்து நிமிஷம் இருக்க முடியாது. ஆனா மாசி பிறந்துட்டா புல்லுக்காட்ட தாண்டுற வரைக்கும் பீடிய பத்த வைக்காம உதட்டுல சும்மா கவ்விக்கிட்டே நடப்பார். ஓடைப்பாறைல உக்காந்துதான் பத்த வைப்பார், தீக்குச்சிய தண்ணில முக்கி ஈரக்குச்சிய சட்டைப் பையில போட்டுக்குவார். நான் கேட்டதுக்கு, "இந்தப் புல்லு மனுசனுக்கு நேரம் குடுக்காதுடா"ன்னார்.

அது உண்மைதான் தம்பி. அங்க ஆளுயரப் புல்லு பங்குனில சருகா நிக்கும். தீ சரிவுல மேல போகப் போக முன்னாடி இருக்கிற புல்ல அதோட அனலே காய வெச்சுடும், சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ரெண்டு மடங்காகும்னு ஒரு கணக்கு இருக்கு, ஏத்தத்துல உங்களால அதை ஓடி ஜெயிக்க முடியாது. எங்கயாவது புகை கண்டா மேல ஓடாதீங்க, பக்கவாட்டுல விலகி புல்லு இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச இடத்துக்கோ போங்க. ரிசர்வ் காட்டுல தீ மூட்டறது 1882 வருஷ வனச் சட்டப்படியே குத்தம், ஆனா சட்டத்துக்குப் பயந்து நீங்க அடங்க வேணாம், அந்தப் பிள்ளைங்கள நினைச்சு அடங்குங்க.

ஆறிப்போன கோழி நல்லாத்தான் இருக்கும். முந்தின நாளே எலும்ப எடுத்துட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஐஸ் பேக்கோட கொண்டு போய், வெளிய எடுத்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிங்க. எலும்பையோ இலையையோ அங்க போட்டுட்டு வராதீங்க, பன்னியும் குரங்கும் பழகிடும்.

நேரம் கேட்டீங்கல்ல. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம்னு 1892ல நைஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கணக்கு போட்டார், நம்ம வெயிலுக்கு அதோட பாதிய சேர்த்துக்கோங்க. விடியும்போதே நடக்க ஆரம்பிச்சுடுங்க.

ஆனா மார்ச்ல வேணவே வேணாம். தீ சீசன்ல வனத்துறையே பாதைங்கள மூடிடறாங்க, "தெரிஞ்ச ஆள் இருக்கார், கூட்டிட்டுப் போவார்"னு யாராவது சொன்னா அவங்ககூட போகாதீங்க. ஜனவரில ட்ரெக் தமிழ்நாடு சைட்ல பர்மிட் போட்டு கைடோட போங்க, தேதி முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.