கன்னியர் மடத்தில் சேர ஆசை: கல்விக் கடன் இருக்கிறது, வீட்டில் வரன் பார்க்கிறார்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண் நான். வயது 24. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே துறவற சபையில் சேரும் எண்ணம் உண்டு. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். விஷயத்தைச் சொன்னால் அப்பா உடைந்துபோவார். கல்விக் கடனும் பாக்கி இருக்கிறது. எந்தச் சபையில் சேரலாம்? எத்தனை ஆண்டு ஆகும்? நர்ஸ் வேலையைத் தொடர முடியுமா? ஒத்துவராவிட்டால் திரும்பி வர வழி உண்டா?

பதில்: கடனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அதைச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். அடைக்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவில் (துறவறத்துக்கான பயிற்சிக் காலத்தில்) சேர்க்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (விதி 644) சொல்கிறது. சபை கட்டிவிடும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். நீங்கள் மடத்துக்குள் போன பிறகு வங்கி உங்கள் அப்பாவைத்தான் தேடி வரும். சம்பாதித்துக் கடனை அடையுங்கள். அந்தக் காலம் வீண் போகாது. உங்களை நன்கு அறிந்த ஓர் ஆன்ம வழிகாட்டியிடம் தவறாமல் பேசுங்கள். துறவற வாழ்வை அறிந்துகொள்ளச் சபைகள் நடத்தும் இறை அழைத்தல் முகாம்களுக்கு விடுமுறையில் போய் வாருங்கள்.

வீட்டில் சொல்லாமல் போவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். 24 வயதுப் பெண்ணுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தாலும் பொறுப்புள்ள சபை எதுவும் உங்கள் குடும்பத்தைச் சந்திக்காமல் உங்களை ஏற்காது. நாளைக்கே மகள் துறவற உடை போட்டுக்கொண்டு போய்விடுவாள் என்று அப்பா நினைத்துப் பயப்படுவார். இது எத்தனை ஆண்டுப் பயணம் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். உங்கள் பங்குத்தந்தையோ, அப்பா மதிக்கும் ஒரு மூத்த அருட்சகோதரியோ உடன் இருந்தால் நல்லது. உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த, நல்ல குணமுள்ள ஒரு வரன் வந்தாலும் மனம் மடத்தின் பக்கமே நிற்குமா? கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்க மட்டும் மடம் தேவைப்படுகிறது என்றால், உள்ளே போன பிறகு ஒவ்வொரு நாளும் பாரமாகிவிடும்.

இனி பயணத்தைப் பற்றி. தொடக்கத்தில் விண்ணப்பதாரராகச் சில காலம் மடத்தில் தங்குவீர்கள். பிறகு முன்நவதுறவு. இந்தக் கட்டங்களின் காலம் சபைக்குச் சபை மாறும். அடுத்து வரும் நவதுறவைத்தான் நாங்கள் நோவிஷியேட் என்போம். அதில் 12 மாதமாவது நவதுறவு இல்லத்திலேயே வாழ வேண்டும். பல சபைகளில் மொத்தம் இரண்டு ஆண்டு. அந்த 12 மாதத்தில் 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அதை ஈடுகட்ட வேண்டும். 3 மாதத்தைத் தாண்டிவிட்டால் நவதுறவே செல்லாது. தங்கை திருமணம், அப்பாவின் அறுவை சிகிச்சை போல முன்கூட்டியே தெரிந்த காரியங்கள் இருந்தால் சேரும் முன்பே பேசி வையுங்கள். நவதுறவு முடிந்ததும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை, அதாவது கடவுளுக்குத் தரும் வாக்குறுதிகளை, தற்காலிகமாக எடுப்பீர்கள். மூன்றிலிருந்து ஆறு ஆண்டு வரை, தேவைப்பட்டால் ஒன்பது ஆண்டு வரை அவை நீளலாம். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு அதற்குப் பிறகுதான். அடைபட்ட மடங்களில் செபத்துக்காகவே வாழும் கன்னியருக்கு மொத்தப் பயிற்சி ஒன்பது ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று வத்திக்கான் 2018இல் விதித்தது.

நவதுறவில் இருக்கும்போது எந்த நாளிலும் நீங்கள் வெளியேறலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போதும் தடையில்லை. நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு விலக விரும்பினால் சபையின் தன்மையைப் பொறுத்து ஆயரிடமோ (பிஷப்) திருப்பீடத்திடமோ (வத்திக்கான்) அனுமதி பெற வேண்டும். சபையில் உழைத்ததற்குச் சம்பளம் கேட்க உரிமை கிடையாது. ஆனால் வெளியேறுபவரை நியாயத்தோடும் அன்போடும் நடத்தும் கடமை சபைக்கு உண்டு (விதி 702). எங்கள் சபைகளில் சில இதை இன்னும் மனதார நிறைவேற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நர்ஸ் வேலையைப் பொறுத்தவரை, மருத்துவமனை நடத்தும் சபையில் சேர்ந்தால் தொடர வாய்ப்பு அதிகம். உறுதி சொல்ல முடியாது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எடுத்தவரை விடுதிப் பொறுப்புக்கும் அனுப்பலாம். சம்பளம் வந்தாலும் அது சபையைச் சேரும். அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்ப முடியாது. வீடு உங்கள் வருமானத்தை நம்பியிருக்கிறது என்றால் இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எந்தச் சபை என்று நான் பெயர் சொல்லிக் கைகாட்டுவது முறையாகாது. ஒவ்வொன்றும் பிறந்த கதையைப் படியுங்கள். திருச்சியின் புனித அன்னாள் சபை 1858இல் அன்னம்மாள் என்ற கைம்பெண்ணிடமிருந்து தொடங்கியது. 1950இல் கொல்கத்தாவில் அன்னை தெரசா நிறுவிய அன்பின் பணியாளர் சபையினர், பரம ஏழைகளுக்கு இலவசமாக ஊழியம் செய்வதை நான்காவது வார்த்தைப்பாடாக எடுக்கிறார்கள். ஒரே நர்சிங் படிப்பு இந்த இரண்டு இடங்களிலும் இரண்டு விதமான வாழ்க்கைக்குப் போய்ச் சேரும்.

உங்களுக்குப் பிடித்த ஒரு சகோதரியை மட்டும் பார்த்துச் சபையை முடிவு செய்யாதீர்கள். அவர் அடுத்த ஆண்டே மாற்றலாகிப் போகலாம். முகாமுக்குப் போகும்போது சமையலறையில் காய் நறுக்க உட்காருங்கள். அங்கே சகோதரிகள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பது காதில் விழும். வயதான, நோயுற்ற சகோதரிகள் இருக்கும் பகுதியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நீங்கள் நர்ஸ். படுக்கை விரிப்பு மாற்றியிருக்கிறார்களா, படுக்கைப் புண் இருக்கிறதா, பேசத் துணை உண்டா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அங்கே தெரிவதை எந்த விளம்பரத் துண்டுப் பிரசுரமும் சொல்லாது.

சேரும்போது திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களும், திருமணமாகாதவர் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். பங்கு அலுவலகத்தில் கிடைக்கும். மருத்துவப் பரிசோதனையும் இருக்கும். எந்த நோயையும் மறைக்காதீர்கள். படிப்புச் சான்றிதழ்களின் நகல்களை வீட்டில் ஒரு தொகுப்பாக வையுங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். மடத்தில் பணி செய்தாலும் வெளியே வர நேர்ந்தாலும் அது உங்களுக்கு வேண்டும்.