கொடுப்பதா, தடுப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கடன் ‘சாங்ஷன்’ ஆகிவிட்டதாக வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அன்று மாலையே செய்தியில், ஏதோ ஒரு நாட்டின் மீது அமெரிக்கா ‘சாங்ஷன்ஸ்’ விதித்திருப்பதாகச் சொன்னார்கள். கொடுப்பதற்கும் தடுப்பதற்கும் ஒரே சொல்லா? இப்படிக் குழப்பும் மொழியைப் படிக்கும் பிள்ளைகளுக்காக, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று உங்கள் இதழாவது பட்டியல் போட்டுத் தரக் கூடாதா?
– வாசகர், தேனி

பதில்: கடன் கிடைத்ததில் மகிழ்ச்சி. பட்டியல் மட்டும் போட மாட்டேன்.

நீங்கள் மருந்தாகக் கேட்கும் பட்டியல்தான் இங்கே நோயே. நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ் என்று எழுதி மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். ‘சாங்ஷன் – அனுமதி’ என்று படித்த பிள்ளை, செய்தியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது’ என்றுதான் புரிந்துகொள்ளும். ‘சாங்ஷன் – தடை’ என்று படித்த பிள்ளைக்கு உங்கள் வங்கிக் கடிதம் துக்கச் செய்தியாகிவிடும். சொல்லைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு பொருள் கேட்டால் இதுதான் நடக்கும்.

இரண்டு பொருளும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் குழப்பம் பாதி தீரும். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு ‘புனிதமாக்கு, மீற முடியாததாக்கு’ என்று பொருள். கிறிஸ்தவப் புனிதர்களைக் குறிக்கும் ‘செயின்ட்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். ஒரு சட்டத்தில், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதியையும் ரோமானியர்கள் இந்தப் பெயரால் அழைத்தார்கள். அதிகாரம் உள்ளவர் ஒன்றின் மீது முத்திரை குத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்த காரியத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதே முத்திரையை மீறியவனுக்குத் தண்டனை. ஒப்புதல் என்ற பொருள் நம் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேர்விட்டது. தண்டனை என்ற பொருள் நாடுகளுக்கு இடையே போனது. 1935-இல் இத்தாலி அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்தபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியாக அன்று இருந்த சர்வதேச சங்கம் இத்தாலிக்கு எதிராக எடுத்த நடவடிக்கைக்கு இதுதான் பெயர். 1990-இல் குவைத்துக்குள் புகுந்த ஈராக்குக்கும் இதுதான் நடந்தது. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம் மீதே ‘சாங்ஷன்ஸ்’ விதித்தது. அந்த ஆண்டும் நம் அலுவலகங்களில் கடனும் விடுப்பும் பாட்டுக்கு ‘சாங்ஷன்’ ஆகிக்கொண்டுதான் இருந்தன.

அப்புறம், ஆங்கிலத்தைக் குழப்பமான மொழி என்கிறீர்களே, நம் ‘விலக்கு’ என்ன செய்கிறது? மதுவிலக்கு என்றால் தடை. வரிவிலக்கு என்றால் சலுகை. ஒன்றில் மதுவை நம்மிடமிருந்து விலக்குகிறோம். மற்றதில் வரியிடமிருந்து நம்மை விலக்குகிறார்கள். விலக்குவது ஒன்றுதான், எதை எதிலிருந்து என்பதுதான் வேறு. வரிவிலக்கு கிடைத்தவர் யாராவது வரிக்குத் தடை வந்துவிட்டது என்று நினைத்தாரா? முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்து நாம் தானாகவே பொருள் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்திலும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டும்.

சரி, எப்படிப் பிரிப்பது? எது ‘சாங்ஷன்’ ஆகிறது என்று பாருங்கள். கடன், விடுப்பு, திட்டம், பணியிடம் போன்றவை என்றால் ஒப்புதல். மின்வாரியம் சொல்லும் ‘சாங்ஷன்டு லோடு’, உங்கள் வீட்டுக்கு அனுமதித்த மின்பளு. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ‘சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த்’ 2019-இல் 34 ஆனது என்றால், அத்தனை இடங்களுக்கு ஒப்புதல் உண்டு என்று பொருள். அத்தனை பேரும் பதவியில் இருக்கிறார்கள் என்பதல்ல. ஆள், நிறுவனம், கப்பல், நாடு இவற்றில் ஒன்று ‘சாங்ஷன்’ ஆனது என்று வெளிநாட்டுச் செய்தியில் வந்தால் பெரும்பாலும் தண்டனை. அதே செய்தியில் கடைசியில் ‘ஸ்’ சேர்ந்து பன்மையாக வந்தால் தண்டனை என்றே எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் நியூயார்க்கில், செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களை நீதிமன்றம் ‘சாங்ஷன்’ செய்தது. பாராட்டி அனுமதித்ததாக நினைத்துவிடாதீர்கள். 5,000 டாலர் அபராதம்.

ஓர் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ‘அதிகாரி மீது வழக்குத் தொடர சாங்ஷன்’ என்று வந்தால், ‘மீது’ என்பதைப் பார்த்ததும் தண்டனை என்று எழுதிவிடக் கூடாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர் மீதான ஊழல் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள, அவரைப் பதவிநீக்கும் அதிகாரம் உள்ளவரின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்குத்தான் இங்கே ‘சாங்ஷன்’ என்று பெயர். ‘சாங்ஷன் மறுப்பு’ என்பதைத் ‘தடை மறுப்பு’ என்று மொழிபெயர்த்தால் செய்தி தலைகீழாகிவிடும். வழக்கு நகராமல் நிற்கிறது என்பதற்குப் பதிலாக, வழக்குக்குத் தடையில்லை என்று வாசகர் படிப்பார். இதை எழுதுகிறவர்களின் கவனக்குறைவு என்றுதான் சொல்வேன், மொழியின் குற்றம் இல்லை.

நீங்கள் எழுதும்போது வேறு வழி இருக்கிறது. வெளிநாட்டுக்காரருக்கு ‘எங்கள் நிறுவனத்தை அரசு சாங்ஷன் செய்துள்ளது’ என்று எழுதினால், அவர் அரண்டுபோய் வியாபாரத்தையே நிறுத்திவிடுவார். அங்கே ‘அப்ரூவ்’ போதும். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள்: புதுச் சொல் வந்தால் ஒற்றைச் சொல்லாக நோட்டில் ஏற்றாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதி வைக்கட்டும். அதே சொல் வேறு வாக்கியத்தில் வந்தால் அதையும் கீழே சேர்க்கட்டும்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். வங்கி மொழியில் ‘சாங்ஷன்’ என்றால் நிபந்தனைகளோடு கடன் தரச் சம்மதம் என்று மட்டுமே பொருள். பணம் கொடுப்பதற்கு ‘டிஸ்பர்ஸ்மென்ட்’ என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். அது பத்திரங்களைச் சரிபார்த்த பிறகுதான். கடிதத்தில் நிபந்தனைகளும், அது எத்தனை நாள் செல்லும் என்பதும் இருக்கும். வீட்டை விற்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.