திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் கையெழுத்துப் போட முன் யோசியுங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது, கோண்டாவிலில் இருக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் மார்பகத்தைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தேன். இப்போது இடப்பக்கம் கல்லுப் போல இறுகி மேலே ஏறி நிற்கிறது. வைத்தியர் தன் கட்டணம் இல்லாமல் திருத்தித் தருவதாகவும், முதலில் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார். வழக்குப் போடலாமா? ஊருக்குத் தெரியாமல் செய்ய முடியுமா?

பதில்: முதலில் அந்தக் கடிதம். இப்படியான கடிதங்களில் "இதன் பின் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி பெரும்பாலும் எங்காவது ஒளிந்திருக்கும். அவர் விட்டுத்தருவது தன் கட்டணத்தை மட்டும்தான். சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து, மார்பகத்துக்குள் வைக்கும் புதிய சிலிக்கன் பை எல்லாம் உங்கள் காசில்தான் போகும். அதற்காக முழு உரிமையையும் எழுதிக் கொடுக்க வேண்டுமா? "என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று சேர்த்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்திடாமல் என்னைப் போன்ற ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை: திருத்தம் நடந்த அன்றே பழைய வேலையின் சாட்சியமும் போய்விடும். ஆகவே அதற்கு முன், இந்த வைத்தியரோடு தொடர்பில்லாத பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். திகதியோடு படங்கள் எடுங்கள். அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் செய்யுங்கள். சிலிக்கன் பையின் இலக்கம் உள்ள அட்டை, சம்மதப் பத்திரம், பற்றுச்சீட்டுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எதையும் அழிக்க வேண்டாம். நோயாளர் குறிப்பேட்டின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். வெளியே எடுக்கும் பையையும் எறியாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். 2010இல் பிரான்ஸில், தொழிற்சாலைப் பாவனைக்கான சிலிக்கனை நிரப்பிய பைகள் பிடிபட்டபோது, பலர் தங்களுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தினது என்று தேடி அலைந்தார்கள்.

சரி, வழக்கு வெல்லுமா? வெளிப்படையாகச் சொல்கிறேன்: விளைவு பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. எந்தப் பையைச் சுற்றியும் உடல் ஒரு வடு உறையைக் கட்டும். சிலருக்கு அது சுருங்கி இறுகும். வைத்தியர் கவனமாகச் செய்திருந்தாலும் இது நடக்கலாம். நம் நாட்டில் இது, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வரும் கவனயீன வழக்கு. சாதாரண திறமையுள்ள நிபுணர் செய்யாத பிழையை இவர் செய்தார் என்பதையும், உங்கள் பாதிப்பு அதனால்தான் வந்தது என்பதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2001இல் உயர் நீதிமன்றம், வைத்தியரின் கவனயீனம் உண்டு என்று கண்ட பிறகும், பாதிப்புக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை எனச் சொல்லி நட்டஈட்டை நீக்கியது. அந்த நிபுணர் அறிக்கை இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்களுக்குக் கூடுதல் பலம் தரக்கூடியது சம்மதப் பத்திரம். இறுகும், இடம் மாறும், மறுபடி கீற வேண்டி வரலாம் என்பதெல்லாம் அதில் இருந்ததா? யாராவது விளக்கினார்களா? அல்லது கூடத்துக்குள் போகும் வழியில் நீட்டினார்களா? குறித்த அளவு அல்லது வடிவம் தருவதாக எழுத்தில் வாக்குறுதி இருந்தால், ஒப்பந்த மீறலையும் சேர்த்துக் கேட்கலாம்.

காலம் முக்கியம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படியான நட்டஈட்டு வழக்குக்கு 2 வருடம்தான். பாதுகாப்பாக, சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். 10 மாதம் மிச்சம். "பொறுங்கள், சரியாகிவிடும்" என்று வைத்தியர் சொல்வதால் அந்தக் காலக்கெடு நிற்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வேலை நடந்த இடமும் எதிராளிகள் இருக்கும் இடமும் கொழும்பு என்பதால், வழக்கு பெரும்பாலும் அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில்தான். அதற்கு முன் நட்டஈடு கேட்டு எதிராளிகளுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவோம். பல பிணக்குகள் அந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்கின்றன. இலங்கை மருத்துவ சபையிடமும் முறையிடலாம். வைத்தியர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க அவர்களால் முடியும், உங்களுக்குப் பணம் வாங்கித் தர முடியாது.

ஊருக்குத் தெரியுமா என்ற பயம் விளங்குகிறது. நீதிமன்ற அமர்வு பொதுவாகப் பகிரங்கமானது. ஆனால் அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை, பாலியல் தொடர்பான விடயங்கள் போன்றவற்றில் சம்பந்தமில்லாதவர்களை வெளியேற்ற நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் வழக்கு அதற்குள் வரும் என்று வாதாடலாம், உறுதி தர மாட்டேன். கோரிக்கைக் கடிதத்தோடு முடிந்தால் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. பதிலைக்கூட என் அலுவலக விலாசத்துக்கு வரச் செய்யலாம்.