எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் போலியா?

கேள்வி: மகள் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை சதர் பஜார் டெபுடி கஞ்சில் வாங்கினோம். தெரிந்தவர் ஒருவர் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்கள், ஒட்டவில்லை, அசல் 304" என்றார். வீட்டில் வைத்துப் பார்த்தால் அண்டாவின் விளிம்பிலும் அடிமூலையிலும் லேசாக இழுக்கிறது. கரண்டிகளில் பச்சக்கென்று ஒட்டிக்கொள்கிறது. ஏமாந்துவிட்டோமா? மாப்பிள்ளை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் இவற்றை வைக்கலாமா?
– வாசகி, ஆர்.கே. புரம், புது டெல்லி

பதில்: விளிம்பில் இழுப்பதை நினைத்துப் பயப்படாதீர்கள், அம்மா. கடையில் ஒட்டவில்லை என்று காட்டியதை நம்பி 304 என்ற உயர்ந்த ரகத்துக்கான விலை கொடுத்தீர்களே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றால்தான் வெளியே இழுவிசை தெரியும். அப்படி நிற்குமா என்பது அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைப் பொறுத்தது. ஒரு பெட்டியின் எட்டு மூலையிலும் ஒவ்வோர் அணு, நடுவில் ஓர் அணு என்று இருந்தால் காந்தம் இழுக்கும். சாதாரண இரும்பு இப்படித்தான். நடு அணு இல்லாமல் பெட்டியின் ஆறு முகங்களிலும் ஒவ்வோர் அணு உட்கார்ந்தால் இழுக்காது. 304 எவர்சில்வர் இந்த ரகம். அதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். துரு பிடிக்காமல் காப்பது குரோமியம், இரண்டாவது அடுக்கைக் கலையாமல் பிடித்துவைப்பது நிக்கல். வேடிக்கை என்னவென்றால், நிக்கலைத் தனியாக எடுத்தால் அதுவே காந்தத்தில் ஒட்டும் உலோகம்.

நிக்கல் விலை அதிகம். அது செய்யும் அதே அடுக்கு வேலையை மலிவான மாங்கனீஸும் செய்யும். 202 ரகத்தில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான், மீதி வேலைக்கு மாங்கனீஸ். சந்தையில் ஜே-4 என்று ஓடும் சரக்கில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இவற்றிலும் காந்தம் ஒட்டாது! காந்தம் பார்ப்பது அடுக்கை; நிக்கல் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆகவே கடைக்காரர் காட்டிய சோதனையில் பொய் ஏதும் இல்லை, ஆனால் 304 என்பதற்கு அது சாட்சியும் இல்லை. டெல்லி பாத்திரக் கடைகளில் பல வருடமாக ஓடும் வித்தை இது. கூட்டிப்போன "தெரிந்தவருக்கு" கடையில் கமிஷன் உண்டா என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரை எடைபோட்டு விற்கிறார்கள் என்பதால் கனமான 202 பாத்திரத்தை 304 விலையில் தள்ளினால் கிலோவுக்குக் கிலோ லாபம். தூக்கிப் பார்த்தோ பளபளப்பைப் பார்த்தோ வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இப்போது உங்கள் அண்டாவின் விளிம்பு. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பாத்திரத்தைப் போலி என்று திருப்பிக் கொடுக்கப் போய்க் கடையில் சண்டை போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தட்டையான தகட்டை அச்சில் வைத்து அழுத்தி இழுத்துத்தான் அண்டா ஆக்குகிறார்கள். சூடாக்காமல் இப்படி இழுக்கும்போதும், விளிம்பைச் சுருட்டும்போதும் அணு வரிசைகள் வழுக்கி, ஒரு பகுதி காந்தம் இழுக்கும் அடுக்குக்கு மாறிவிடுகிறது. அதிகம் நீட்டப்பட்ட இடத்தில் அதிகம் மாறும். அடித்தட்டின் நடுப்பகுதி அதிகம் நீளுவதில்லை, அங்கே இழுப்பு இருக்காது. அடிமூலையில் கொஞ்சம் தெரியும், சுவரில் ஏற ஏறக் கூடும், சுருட்டிய விளிம்பில் நன்றாகவே தெரியும். சமையலறைச் சிங்க்கின் மூலையிலும் இதைப் பார்க்கலாம். சுமார் 1,050 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் பழைய அடுக்கு திரும்பிவிடும். வீட்டு அடுப்பில் அது நடக்காது, அந்தச் சூட்டில் பாலிஷும் போய்விடும். அசல் 304 இப்படி மாறுவது சர்வசாதாரணம். அதற்காக "விளிம்பு இழுக்கிறது, அப்படியானால் அசல்தான்" என்று தலைகீழாக முடிவு கட்டவும் கூடாது. மற்ற ரகங்களும் கொஞ்சம் மாறும்.

ஃபிரிட்ஜில் ஒட்டும் ரப்பர் காந்தத்தை வைத்து இதையெல்லாம் பார்க்காதீர்கள். அதில் வடதுருவமும் தென்துருவமும் மெல்லிய பட்டைகளாக மாறி மாறி இருப்பதால் சில மில்லிமீட்டர் தள்ளினாலே அதன் புலம் அடங்கிவிடும். கடைக்காரர் எடுக்கும் காந்தமும் பல சமயம் சோப்ளாங்கியாகத்தான் இருக்கும், அதிலும் மேலே டேப் சுற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் ஷட்டர் கதவில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பார்க்க 10 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் காந்தம் ஒன்று போதும். ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் பாத்திரத்தை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கையில் பிடித்தால் தெரியாத இழுப்பும் நூல் சாய்வதில் தெரிந்துவிடும். அடிநடு, சுவர், விளிம்பு என்று மூன்று இடம் பாருங்கள். நடுவில் அசையாமல் மேலே போகப்போகச் சாய்ந்தால் நான் சொன்ன அழுத்த வேலை. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி பலமாகப் பிடித்தால் அது 430 போன்ற நிக்கல் இல்லாத ரகம். அதை 304 என்று விற்றிருந்தால் மோசடிதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் காந்தத்தை வெளியே போட்டுவைக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு அறுவை சிகிச்சைதான்.

கரண்டியில் காந்தம் ஒட்டுவது குற்றமில்லை. கரண்டி, கத்திகளை 410, 430 போன்ற ரகங்களில் செய்வது வழக்கம். கரண்டிக்கும் 304 விலை வாங்கியிருந்தால் மட்டும் பில்லோடு போய்க் கேளுங்கள்.

அண்டா 304-ஆ 202-ஆ என்பதற்கு வேறு சோதனை வேண்டும். எளியது, 9 வோல்ட் பேட்டரியோடு வரும் மாங்கனீஸ் சோதனைத் திரவம். பளபளப்பான பகுதியை விட்டு அடியில் ஒரு சொட்டு வைத்துப் பேட்டரியைத் தொட்டால், மாங்கனீஸ் அதிகமுள்ள ரகத்தில் சில நொடியில் சொட்டு சிவக்கும். சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமானால், எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி. வஜீர்பூர் பக்கம் உலோகச் சோதனைக் கூடங்களிலும் பெரிய பழைய உலோகக் கடைகளிலும் இருக்கும், நிக்கல் சதவீதத்தையே எண்ணாகக் காட்டிவிடும்.

202 என்று தெரிந்தால் விஷம் என்று பதற வேண்டாம். அரிசி, பருப்பு போட்டு வைக்கத் தாராளமாக ஆகும். உப்பும் புளியும் சேர்ந்த ரசம், ஊறுகாய் மட்டும் அதில் நாள் கணக்கில் நிற்கக் கூடாது, புள்ளி புள்ளியாக அரிக்கும்.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை போட்டது. தரநிலை எண் ஐஎஸ் 14756. ஆணை காகிதத்தில் இருக்கிறது, கடையில் "304" என்ற ஸ்டிக்கர் இருக்கிறது. அந்த ஸ்டிக்கரை யார் அச்சடித்தார், யார் ஒட்டினார் என்று கேட்க ஆளில்லை. முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று வரும். பில்லில் "ஸ்டீல் பர்தன்" (ஸ்டீல் பாத்திரம்) என்று மொட்டையாக எழுதுவார்கள். "கிரேடு 304" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சரக்கு என்ன என்று உங்களுக்கே புரியும். எழுதிக் கொடுத்து ஏமாற்றியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். எழுதாத பில்லை வைத்துக்கொண்டு நிரூபிப்பது கஷ்டம்.

மாப்பிள்ளை வீட்டு அடுப்புக்குக் கணக்கு வேறு. அங்கே அடிப்பாகத்தில் காந்தம் பலமாக ஒட்டியே ஆக வேண்டும். அதனால்தான் 304 பாத்திரத்துக்கும் அடியில் 430 தகடு பதிக்கிறார்கள். அடி தட்டையாகவும் குறைந்தது 12 செ.மீ. அகலமாகவும் இருக்க வேண்டும். உங்கள் அண்டாவுக்கு அந்தத் தகடு இல்லாவிட்டால் கேஸ் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் வைக்க ஓர் இரும்புத் தட்டு விற்பார்கள், அதை வாங்காதீர்கள். முதலில் தட்டு சூடாகி, பிறகுதான் பாத்திரத்துக்குச் சூடு போகும். மின்சாரமும் வீண், அடுப்பின் கண்ணாடியும் தேவையில்லாமல் காயும்.